கேரம் மன்றத்தில் வேலைக்கும் வழி சொல்லலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வடசென்னையில் வியாசர்பாடி, காசிமேடு பக்கம் திரும்பிய தெருவெல்லாம் கேரம் மன்றமோ கால்பந்துக் குழுவோ இருக்கும். பள்ளிக்கு மட்டம் போடும் பையன்கூட சாயங்காலம் அங்கே ஆஜர். வேலை பற்றிய பேச்சைத் தொடங்க அதைவிடத் தோதான இடம் ஏது? மாணவர்களுக்கு வேலைத்திறன் பயிற்சி தர 2022இல் வந்த தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் நல்லதுதான். ஆனால் படிப்பை விட்டவனைத் தேடி அது தெருவுக்கு வருவதில்லை.

ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டர் பிரிவில் சேர எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்பதும், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். பத்தாவது முடித்தவர்களையும் உதவித்தொகையோடு அப்ரண்டிஸாக எடுக்கிறது என்பதும் இங்கே பல வீடுகளுக்குத் தெரியாது. மணலி ஆலைகளிலும் துறைமுகத்திலும் இருக்கும் நம் ஏரியா அண்ணன்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து, தாங்கள் எப்படிச் சேர்ந்தோம், உள்ளே என்ன வேலை என்று சொன்னாலே பாதி பயம் போய்விடும். விண்ணப்பம் போட ஒரு கணினியும் இணைய வசதியும் வேண்டும். மாநகராட்சி தரலாம்; தேர்தல் நேரத்தில் ஜெர்சியும் கோப்பையும் வாங்கித் தருபவர்களும் தரலாம். பெரும்பாலான மன்றங்களில் பெண் பிள்ளைகள் கால் வைப்பதே இல்லை. அவர்களுக்கென்று நேரம் ஒதுக்காமல் இதைத் தொடங்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தண்டையார்பேட்டை