நிலம் அதிர்ந்த மறுநாள் நம் அரசு எங்கிருந்து வேலை செய்யும்?

புதுச்சேரி அரசின் பொதுப்பணித் துறைக்கும், வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறைக்கும் வணக்கம்.

2014 நவம்பர் 29 அன்று, அடைமழையில் கடற்கரைச் சாலையில் பழைய நகராட்சி அலுவலகமான மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. அதே இடத்தில் அதைப் பழைய அழகோடு கட்டித் திறந்தது 2021 பிப்ரவரி 25 அன்று. நல்ல வேலை, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் உலக வங்கியின் நிதி இருந்தும், ஊரில் மற்றதெல்லாம் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தும், ஒரே ஒரு கட்டடத்துக்கு ஆறு வருஷத்துக்கு மேல் ஆனது. அரசு மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், தலைமைச் செயலகம், குடிநீர் நிலையங்கள் எல்லாம் ஒரே நாளில் விரிசல் விட்டால் என்ன செய்வோம்? இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நம் ஊரில் நிலநடுக்கமா என்று சிலர் நினைக்கலாம். 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் வந்தது, ரிக்டர் அளவில் ஐந்தரையை ஒட்டிய நடுக்கம். இங்கேயும் சென்னையிலும் மக்கள் வீட்டை விட்டுத் தெருவுக்கு ஓடி வந்தார்கள். அதே வருஷம் ஜனவரி 26 அன்று குஜராத்தின் புஜ் பக்கம் பூமி குலுங்கியபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடி வீடுகள் சரிந்தன. கீழ்த்தளத்தில் சுவரே இல்லாமல், வண்டி நிறுத்துவதற்காக வெறும் தூண்களில் நின்ற கட்டடங்கள் அவற்றில் நிறைய. இன்று நம் ஊரில் எழும்பும் அடுக்குமாடிகளைப் பார்த்தால் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

ஹெய்ட்டி நாட்டில் நடந்ததை நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும். அதன் தலைநகரம் போர்ட்-ஓ-பிரின்ஸ், நம்மைப் போலவே பிரெஞ்சுக்காரர்கள் உருவாக்கிய துறைமுக ஊர். 2010 ஜனவரி 12 மாலை ஐந்து மணிக்குச் சற்று முன், ஏழு ரிக்டர் நடுக்கம். அதிபர் மாளிகை நொறுங்கியது, நாடாளுமன்றம் விழுந்தது, அமைச்சகங்கள் ஏறக்குறைய எல்லாமே போயின. வேலை நேரமாக இருந்ததால் அரசு ஊழியர்கள் பலர் மேசையிலேயே செத்துப்போனார்கள். உதவிக்கு இருந்த ஐ.நா. தூதுக்குழுவின் தலைமையகமும் இடிந்து, அதன் தலைவரும் இறந்தார். காப்பாற்ற வேண்டிய அரசே இடிபாட்டுக்குள் கிடந்தது. அடுத்த மாதமே சிலியில் 8.8 அளவில் நடுக்கம் வந்தது. ஆற்றலில் அது பல நூறு மடங்கு பெரியது. ஆனால் அங்கே கட்டட விதிகளைக் கறாராகக் கடைப்பிடித்திருந்தார்கள். அதனால் செத்தவர்கள் சில நூறு பேர்தான், அரசும் நின்றது.

ஹெய்ட்டியில் அதற்கப்புறம் நடந்ததுதான் இன்னும் கொடுமை. அரசிடம் அலுவலகம் இல்லை, ஆள் இல்லை, கோப்பு இல்லை. அதனால் வெளிநாட்டுப் பணத்தில் மிகச் சிறிய பங்குதான் அதன் கைக்குப் போனது. மிச்சமெல்லாம் தொண்டு நிறுவனங்கள் வழியாகப் போனது. மிஞ்சியிருந்த திறமையான ஊழியர்களும் நல்ல சம்பளம் கிடைக்கும் அந்த நிறுவனங்களுக்கே போய்ச் சேர்ந்தார்கள். ஒரு நிலம் யாருடையது என்று தீர்த்துச் சொல்ல முடியாததால் வீடு கட்டும் வேலையும் தேங்கியது. தலைநகரத்தின் பெரிய அரசு மருத்துவமனையைத் திரும்பக் கட்டும் வேலை பத்து வருஷம் கடந்தும் முடியவில்லை.

இப்போது நம் ஊர் வரைபடத்தைப் பாருங்கள். துணைநிலை ஆளுநருக்கான ராஜ் நிவாஸ் கட்டடம், சட்டப்பேரவை, அரசுப் பொது மருத்துவமனை மூன்றும் பாரதி பூங்காவைச் சுற்றி. தலைமைச் செயலகம் கடற்கரைச் சாலையில். மொத்த அரசும் கூப்பிடு தூரத்துக்குள், கடலை ஒட்டி. நகரத்தில் பல பழைய கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் தேக்கு உத்திரமும் கொண்டவை. வெயிலைத் தாங்க அருமையானவை. ஆனால் பக்கவாட்டில் உலுக்கினால் தாங்குவதற்கு இரும்புப் பட்டையோ கான்கிரீட் கட்டோ அவற்றில் கிடையாது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் மருத்துவமனை. புஜ்ஜில் பழைய அரசு மருத்துவமனை நோயாளிகளோடு சேர்ந்து விழுந்தது. அதற்குப் பதிலாக 2004இல் திறந்த புதிய மருத்துவமனையை ரப்பரும் ஈயமும் சேர்ந்த தாங்கிகள் மேல் நிறுத்தினார்கள். நிலம் ஆடினாலும் மேலே உள்ள கட்டடத்துக்கு அந்த அதிர்ச்சி அவ்வளவாகப் போகாது. நம் மருத்துவமனைக்கு அப்படியே செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. மருத்துவமனை, தீயணைப்பு நிலையம் போன்றவற்றைச் சாதாரணக் கட்டடத்தைவிட ஒன்றரை மடங்கு விசைக்கு வடிவமைக்க வேண்டும் என்று இந்தியத் தர விதியே சொல்கிறது. விதி வருவதற்கு முன்பே கட்டியவை எத்தனை தாங்கும் என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். முடிவைத் தமிழில், எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

அடுத்தது ஆவணங்கள். 2004 சுனாமியில் கடலூர், காரைக்கால் குப்பங்களில் வீட்டோடு பட்டாவும் ரேஷன் கார்டும் போனவர்கள், தாங்கள் யார் என்று நிரூபிக்கவே அலைந்தார்கள். பத்திரம், பட்டா, பிறப்பு-இறப்புப் பதிவு, சிவப்பு, மஞ்சள் ரேஷன் கார்டு விவரம் எல்லாவற்றுக்கும் கடலோரத்தை விட்டுத் தள்ளி, வேறொரு ஊரில் ஒரு நகல் இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை அந்த நகலிலிருந்து சான்றிதழ் ஒன்றை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இருக்கிறது என்று சொல்வது வேறு, எடுக்க முடிவது வேறு.

அப்புறம், பொறுப்பு யாருக்கு என்பது. நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 நடுக்கத்துக்குப் பிறகு மறுகட்டமைப்பு ஆணையத்தை முறையாக அமைக்க அரசியல் கட்சிகள் டிசம்பர் வரை இழுத்தன. அதற்குள் மழைக்காலம் போய்க் குளிர்காலமும் வந்துவிட்டது, மக்கள் தார்ப்பாய்க்கும் தகரத்துக்கும் கீழேயே இருந்தார்கள். எந்த அதிகாரி, எந்த மாற்றுக் கட்டடத்தில், எந்தக் கணக்கிலிருந்து பணம் எடுத்து வேலையைத் தொடங்குவார் என்று இன்றே ஓர் அரசாணை போட்டுவிடலாம். மாற்று இடம் கடற்கரையிலிருந்து தள்ளியிருக்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் கேட்கவில்லை. அரசுப் பொது மருத்துவமனையின் சோதனையை மட்டுமாவது வரும் பட்ஜெட்டில் சேருங்கள். அது எந்தத் தேதியில் தொடங்கும் என்று எங்களுக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
புதுச்சேரிவாசி ஒருவன்