கண்ணுக்கு விடும் மருந்தின் பெயரைப் பார்

திருகோணமலை
ஆடி மாதம்

அன்பு மச்சான்,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கம்பஸ் கிடைத்தது எங்கள் வீட்டிலும் பெரிய சந்தோசம். ஆனால் கண் எரிவுக்குக் கந்தோரில் யாரோ தந்த சொட்டு மருந்தை இரண்டு மாதமாக விடுகிறாய் என்று எழுதியிருந்தாயே, அதுதான் மனதைப் போட்டு அரிக்கிறது.

போத்தலைத் திருப்பிப் பார். டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசொலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்ட். சிவப்பைச் சீக்கிரம் எடுத்துவிடும், அதனால் நல்ல மருந்து என்றே தோன்றும். வைத்தியர் பார்க்காமல் நீண்ட நாள் விட்டால் சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். பெரும்பாலும் வலிக்காது, தெரியவும் தெரியாது. பார்வை நரம்பு கெட்டுவிட்டால் திரும்பக் கிடைக்காது. கண்புரையும் வரலாம். போத்தலையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே கண் வைத்தியரிடம் போ, அழுத்தத்தை அளக்கச் சொல்.

காலையில் சுகம், பின்னேரம் மண் விழுந்ததுபோல் உறுத்துகிறது என்கிறாய். எனக்கென்னவோ வறட்சி என்றுதான் படுகிறது. சாதாரணமாக நிமிடத்துக்கு 15 தடவையளவில் இமைப்போம். கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது பாதிக்கும் கீழே போய்விடும். உன் கந்தோரில் ஏசி வேறு. கண்ணில் நீர் வடிகிறதே, எப்படி வறட்சி என்று கேட்பாய். உறுத்தல் தாங்காமல் வடிகிற நீர்தான் அது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தில் எதையாவது பார், வேண்டுமென்றே இமை. ஏசிக் காற்று முகத்தில் படாமல் கதிரையைத் திருப்பிப் போடு. செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு போதுமா என்று வைத்தியரிடமே கேள்.

இங்கே இப்போது கச்சான் காற்று. மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு நம்மிடம் காய்ந்து வருகிறது, கூடவே புழுதி. திருக்கடலூரில் எங்கள் சின்ன மாமாவுக்கு வெள்ளைவிழியில் சதை வளர்ந்து கருவிழியைத் தொட்டுவிட்டது. வெயிலும் காற்றும் வருடக்கணக்காகப் பட்டால் அப்படி வரும். இப்போது கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் அவர் கடலுக்குப் போவதில்லை.

அரித்தால் கண்ணைக் கசக்காதே, குளிர்ந்த துணியை வைத்து எடு. பீளை தள்ளினால் தொற்றாக இருக்கலாம், துவாயைத் தனியாக வை. வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ இந்த வாரத்துக்குள் என்று காத்திருக்காதே, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ.

போத்தலில் என்ன பெயர் இருக்கிறது, வைத்தியர் என்ன சொன்னார் என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் கூட்டாளி