ரெக்கார்டு ரூம் அக்காவுக்கு நன்றி

பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. மருத்துவமனையில் கேஸ் ஷீட் (சிகிச்சைப் பதிவுகள்) நகல் கேட்டு வருகிறவர்களுக்கு நீங்கள் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பது பெரிய உதவி அக்கா.

வாயால் கேட்டால் எடுபடாது. வெள்ளைத்தாளில் ஐ.பி. எண் (உள்நோயாளி எண்), சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி எழுதி இரண்டு பிரதி; ஒன்றில் சீல், தேதி, கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். 2002 மருத்துவ கவுன்சில் விதிப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எப்போது கேட்டோம் என்பதற்கு அந்த சீல்தான் சாட்சி. "ரெக்கார்டு வேண்டும்" என்று மொட்டையாக எழுதினால் டிஸ்சார்ஜ் சம்மரியோடு அனுப்பிவிடுவார்கள். மருந்து சார்ட், நர்ஸ் குறிப்பு, ஆபரேஷன் குறிப்பு, ஸ்கேன் சி.டி. என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதச் சொன்னீர்களே, வேறு டாக்டரிடம் காட்டப் போகிறவர்களுக்கு அதுதான் உயிர். நோயாளி வர முடியாவிட்டால் அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம். சிகிச்சை தொடங்கி 3 வருடம்தான் ரெக்கார்டை வைத்திருக்கக் கட்டாயம், அதனால் கேட்பதைத் தள்ளிப்போடக் கூடாது.