பூமியின் வடிவத்தை அளக்க மூன்றாவது ஊரும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் வடக்கே சுங்கைப்பட்டாணியிலும் தெற்கே குளுவாங்கிலும் ஒரே விண்மீனின் உயரக் கோணத்தை (அடிவானத்திலிருந்து அது எத்தனை பாகை மேலே நிற்கிறது என்பதை) அளந்துவிட்டு, பூமி உருண்டை என்று பள்ளிகளில் மாணவர்களிடம் முடித்துவிடுகிறார்கள். அளவு சரி, முடிவுதான் அவசரம்.

அகத்திய விண்மீன் (கனோப்பஸ்) உச்சத்தில் இருக்கையில் சுங்கைப்பட்டாணியில் 31.7 பாகை, குளுவாங்கில் 35.3. வேறுபாடு 3.6. வடக்கு தெற்காக இடைவெளி ஏறக்குறைய 400 கிலோமீட்டர். 360ஐ 3.6ஆல் வகுத்து 400ஆல் பெருக்கினால் சுற்றளவு 40,000 கிலோமீட்டர். அழகாக வந்து விழுகிறது. ஆனால் தட்டையான தரைக்கு மேல் சுமார் 1,900 கிலோமீட்டர் உயரத்தில் அந்த விண்மீன் தொங்குகிறது என்று வைத்துக்கொண்டாலும் இதே இரண்டு கோணங்கள் வரும். நடுவே தஞ்சோங் மாலிமில் அளந்தாலும் இரு கணக்குக்கும் 0.1 பாகை வித்தியாசம்கூட இராது; பள்ளிக் கருவியில் அது தெரியாது.

தூரத்து ஊர்தான் வழக்கைத் தீர்க்கும். சென்னையில் 24.2 பாகை. குளுவாங்கையும் சென்னையையும் வைத்துத் தட்டைக் கணக்குப் போட்டால் விண்மீனின் உயரம் 1,500 கிலோமீட்டராக இறங்கிவிடுகிறது. அதே கணக்குப்படி டில்லியில் 16.6 பாகை இருக்க வேண்டும்; இருப்பதோ 8.7. லண்டனில் அது உதிப்பதே இல்லை.

கருவிக்குக் கால்வட்டப் பலகை போதும். ஆரம் 57.3 சென்டிமீட்டராக வெட்டினால் வளைவில் 1 சென்டிமீட்டர் 1 பாகை, 1 மில்லிமீட்டர் 0.1 பாகை. ஓர் ஓரத்தில் விண்மீனைக் குறிபார்க்க ஸ்ட்ரா, மூலையிலிருந்து தூண்டில் நரம்பு, நுனியில் கனமான நட்டு. காற்றில் நட்டு ஆடும். அதை ஒரு வாளித் தண்ணீரில் முக்கிவிடுங்கள், நின்றுவிடும். பலகையைக் கையில் பிடிக்காமல் கம்பத்தில் கட்டுங்கள். தோட்டத்தில் அடிவானம் எங்கே தெரியப்போகிறது? சுழியத்தைச் சரிபார்க்கக் கொத்தனாரின் தண்ணீர் டியூப் இருக்கிறது. 10 மீட்டர் இடைவெளியில் இரு கம்பங்களில் சம உயரத்தில் கோடு போட்டு, ஒன்றிலிருந்து மற்றதைப் பாருங்கள். நரம்பு 0இல் நிற்காமல் 0.4 காட்டினால் எல்லா அளவிலும் 0.4 கழிக்க வேண்டும். டியூபுக்குள் காற்றுக் குமிழி இருந்தால் இந்தச் சோதனையே பொய்.

வடதுருவ விண்மீனை நம் நாட்டில் நம்ப வேண்டாம். தாழ்வாகச் செம்பனை மரத்துக்குப் பின்னால் கிடக்கும், துருவத்திலிருந்து 0.6 பாகை விலகியும் சுற்றுகிறது. அடிவானத்தை ஒட்டிய அளவுகள் பெரியவர்களையே ஏமாற்றியிருக்கின்றன. கிரேக்கரான பொசிடோனியஸ், அகத்திய விண்மீன் ரோட்ஸ் தீவில் அடிவானத்தைத் தொடுகிறது, அலெக்சாந்திரியாவில் 7.5 பாகை ஏறுகிறது என்று கொண்டார். அவ்விரு இடங்களின் உண்மையான வேறுபாடு 5 பாகைதான்.

நேரத்திலும் கவனம் தேவை. உச்சத்திற்கு 10 நிமிடம் முன்பின் பார்த்தால் 0.04 பாகைதான் குறையும். ஒரு மணி நேரம் தவறினால் 1.4 பாகை போய்விடும். விமானப் பயணத் தூரத்தைக் கணக்கில் போடுவது இன்னொரு தவறு. சென்னை நமக்கு மேற்கேயும் விலகியிருக்கிறது. வடக்கு தெற்குத் தூரம் மட்டுமே வேண்டும். கைப்பேசிச் செயலி காட்டும் கோணத்தை எழுதிக்கொள்வது அளவே ஆகாது. பூமி உருண்டை என்று வைத்துக்கொண்டு அது கணக்கிட்டுச் சொல்லும் விடை அது.

பிப்ரவரி நடுவில் உச்ச நேரம், அந்தந்த ஊர்க் கடிகாரப்படி: குளுவாங் இரவு 9.50, சுங்கைப்பட்டாணி 10.00, சென்னை 8.50, டில்லி 9.05. சீரியஸ் என்ற விண்மீனுக்குத் தெற்கே பளிச்சென்று தெரியும். டில்லியில் அளக்க உறவினர் யாராவது கிடைத்தால், தெற்கே கட்டடம் மறைக்காத மொட்டைமாடியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

வானியல் ஆர்வலர்கள்,
குளுவாங், ஜொகூர்