கழலாத போல்ட்டைக் கழற்றித் தந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

வட்ட ரம்பத்தின் பிளேடு போல்ட் ஒருவழியாகக் கழன்றுவிட்டது. தலை மழுங்கவில்லை, பிளேடு மாட்டியிருக்கும் சுழல்தண்டான ஸ்பின்டிலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கேட்டதும் கைவேலையைப் போட்டுவிட்டு வந்தவர்களுக்கும், போனிலேயே பொறுமையாக வழி சொன்னவர்களுக்கும் நேரில் நன்றி சொன்னேன்தான். இருந்தாலும் நாலு பேர் அறிய எழுதினால்தான் எனக்கு மனம் நிறையும்.

முதல் நன்றி ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஐயாவுக்கு. "நீளமான பைப்பைச் செருகி ஓங்கி இழு" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும்தான் "பிளேடு எந்தப் பக்கமாகச் சுற்றும்? அதை முதலில் சொல்லுங்கள்" என்றார். அறுக்கும்போது மரம் பிளேடைத் தடுக்கிறது அல்லவா, அந்தத் தடை போல்ட்டை இறுக்குகிற பக்கமாகவே இருக்கும்படிதான் மரை வெட்டியிருப்பார்களாம். ஓடும்போது கழன்று விழாமல் இருப்பது அதனால்தான். ஆகவே கழற்றுவதற்கு, பிளேடு சுழலும் திசையிலேயே போல்ட்டைத் திருப்ப வேண்டும். ரம்பத்தைப் பிடித்து நிற்பவருக்கு வலப்பக்கம் பிளேடு இருந்தால் வழக்கமான மரை. எங்கள் ரம்பத்தில் பிளேடு இடப்பக்கம், அதனால் இடது மரை. கடிகார முள் போகிற பக்கம் திருப்பினால்தான் கழலும். பைப்பைப் போட்டு வழக்கமான பக்கம் இழுத்திருந்தால் போல்ட் முறிந்து உள்ளேயே நின்றிருக்கும். ஒரே கேள்வியில் அதைத் தடுத்தீர்கள், ஐயா.

அடுத்தது தச்சு வேலை செய்யும் அண்ணன். பிளக்கைப் பிடுங்கிக் கண்ணில் காட்டிய பிறகுதான் ரம்பத்தில் கையே வைத்தார். போல்ட் தலையின் அறுகோணக் குழியில் மரத்தூளும் பிசினும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தன. கோணூசியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, ஊதி, மறுபடியும் சுரண்டினார். அலென் கீ என்கிற அறுகோணச் சாவி அடிவரை போய் "டொக்" என்று உட்கார்ந்ததும்தான் அவர் முகம் தெளிந்தது. அரைகுறையாக இறங்கிய கீதான் குழியை உருட்டிவிடுமாம். அப்புறம் துருவை இளகவைக்கும் எண்ணெயை வாஷர் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டு, "இன்றைக்குத் தொடாதீர்கள், விடியட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இரும்பு துருவாகும்போது முன்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். மரை இடுக்கில் அதுவே ஆப்பு வைத்ததுபோல் பிடித்துக்கொள்கிறது. எண்ணெய் அதற்குள் ஊர்ந்து போக நேரம் வேண்டும். காத்திருக்கச் சொல்லிக் கொடுத்ததற்குத்தான் அவருக்கு என் பெரிய நன்றி.

மறுநாள் எண்ணெய் மட்டும் போதவில்லை. மின்சாதனங்கள் பழுதுபார்க்கும் அக்கா தன் சால்டரிங் அயர்னோடு வந்தார். எண்ணெய் இருக்கும் இடத்தில் தீச்சுடர் கூடவே கூடாது, பிளாஸ்டிக் கவரும் பேரிங்கும் கெட்டுப்போகும் என்று சொல்லி, எல்லாவற்றையும் நன்றாகத் துடைத்துவிட்டு, போல்ட் தலையை மட்டும் சூடாக்கினார். விரிந்து சுருங்கும்போது துருவின் பிடி தளரும். ஆறியதும் தலையில் சுத்தியலால் இரண்டு மூன்று லேசான தட்டு, அவ்வளவுதான்.

ஸ்பின்டிலைச் சுற்றாமல் பிடிக்கும் ஸ்பின்டில் லாக்கை மட்டும் நம்பாதீர்கள், அந்தச் சின்னப் பின் உடைந்துவிடும் என்று எச்சரித்தவர் பக்கத்துத் தம்பி. தடித்த மரக்கட்டை ஒன்றைக் கிளாம்ப் போட்டு, பிளேடின் பல் அதில் ஊன்றி நிற்கும்படி செய்ததும் அவர்தான். தோல் கையுறை போட்டுக்கொண்டு கீயை நிதானமாக அழுத்தினேன். "டக்" என்று ஒரு சத்தம். அங்கே நின்ற அத்தனை பேரும் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பிசினைத் துடைத்துப் புதுப் பிளேடு மாட்டியாயிற்று. ஃபிட்டர் ஐயா சொன்னபடி போல்ட்டை அளவாகத்தான் இறுக்கினேன். சில ரம்பங்களின் கையேட்டில், கையால் இறுக்கிய பிறகு சாவியால் 1/8 சுற்றே போதும் என்று போட்டிருக்கிறது. மீதியை அறுப்பே இறுக்கிக்கொள்ளும். ஐயா, நீங்கள் கேட்ட அம்புக்குறியையும் கவரின் மேல் சிவப்பு பெயின்ட்டால் வரைந்துவிட்டேன். அடுத்து யார் கழற்றினாலும் திசையில் சந்தேகம் வராது.

மிக்க நன்றியுடன்,
உங்களில் ஒருவன்