கூடவே வந்த காவல்காரன்

தஞ்சாவூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள ரங்கா,

முதலில் திட்டி முடித்துவிட்டு அப்புறம் படி. நீ எழுதி நான்கு மாதம் ஆகிறது. கேட்டதும் ஒரே ஒரு கேள்விதான்: சின்னவளுக்குக் காலேஜுக்காக வாங்கிய லேப்டாப்பில் கூடவே வந்த ஆன்டிவைரஸுக்குக் காசு கட்டி நீட்டிக்கலாமா, வேண்டாமா. அதற்குப் பதில் எழுத உட்கார்ந்த அன்றுதான் என் ஆன்டிவைரஸ் என் வாயை அடைத்தது. ஹாஸ்டல் ஏழாம் நம்பர் அறைப் பூட்டு மாதிரி கட்டுக்கதை என்று நினைக்காதே. இது சத்தியம்.

காலையில் லேப்டாப்பைத் திறந்து உன் பெயரை அடிக்கிறேன், ஆங்கில எழுத்தாகவே விழுகிறது. பத்து வருடமாக நான் வைத்திருக்கும் தமிழ் டைப்பிங் மென்பொருளைக் காணோம். ஐகான் இருக்கிறது, அழுத்தினால் அசைவில்லை. கீழ்வீட்டுப் பையன் (இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், நல்ல பிள்ளை, தலைமுடிதான் பார்க்கச் சகிக்காது) வந்து துழாவி, ஆன்டிவைரஸின் குவாரன்டைன் பட்டியலைத் திறந்து காட்டினான். அங்கே உட்கார்ந்திருக்கிறது என் மென்பொருள், சந்தேகக் கேஸில் பிடித்துப் போட்ட ஆள் மாதிரி. குற்றச்சாட்டு என்ன தெரியுமா? நான் அழுத்தும் எழுத்துகளை ஒட்டுக் கேட்கிறதாம். கேட்காமல் எப்படியடா ஆங்கில விசையைத் தமிழ் எழுத்தாக மாற்றுவது? அதன் வேலையே அதுதானே!

பையன் சொன்ன விளக்கம் நியாயமாகத்தான் இருந்தது. பாஸ்வேர்டு திருடும் மென்பொருளும் இப்படித்தான் விசைகளைக் கேட்டுக்கொண்டிருக்கும். பெரிய கம்பெனி கையெழுத்துப் போட்டு, கோடிப் பேர் பயன்படுத்தும் மென்பொருள் என்றால் ஆன்டிவைரஸ் சும்மா விட்டுவிடும். நம் ஆள் ஒருவர் தனியாக உட்கார்ந்து தமிழுக்காக எழுதி இலவசமாகக் கொடுத்தால், ஆளை இதற்குமுன் பார்த்ததில்லையே என்று கழுத்தைப் பிடிக்கும். ஹாஸ்டல் காவல்காரர் சிங்காரம் நினைவுக்கு வந்தார். சுவரேறிக் குதித்து வருகிறவன் எல்லாம் அவர் கண்ணில் பட்டதே இல்லை. உள்ளே படுத்திருக்கிற நம் முகத்தில்தான் டார்ச் அடிப்பார்.

வீட்டுச் செய்தி: பத்மா நலம். முட்டிவலி, அதற்கு ஒரு தைலம், தைலத்துக்கு ஒரு வாட்ஸ்ஆப் குழு. மொட்டை போன மாதம் வந்து இரண்டு நாள் இருந்தான், உன்னைப் பற்றிப் புறம் பேசினோம், திருப்தியாக இருந்தது. போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த லேப்டாப் 2019 தீபாவளித் தள்ளுபடியில் வாங்கியது. 4 ஜிபி ரேம், பழைய மாதிரிச் சுழலும் ஹார்ட் டிஸ்க். ஆன் செய்துவிட்டுப் பால் காய்ச்சி, டிகாக்‌ஷன் கலந்து, காபி குடித்து முடித்து வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். வயசாகிவிட்டது என்று நினைத்திருந்தேன், அதற்கும் எனக்கும். மெஷினுக்குள் எது எது ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைப் பையன் திறந்தான். டிஸ்க் என்ற கட்டத்தில் 100 சதவீதம், சிவந்து கிடக்கிறது. வரிசையில் மேலே இருப்பவை எல்லாம் அந்த ஆன்டிவைரஸின் ஆட்களே. ஒன்று ஃபைல்களைத் துருவுகிறது, ஒன்று அப்டேட் தேடுகிறது, ஒன்று பிரவுசரை வேவு பார்க்கிறது, இன்னொன்று “உங்கள் கணினியை வேகப்படுத்துகிறேன்” என்கிறது. கடைசி ஆளைப் பார்த்துச் சிரித்தேன்.

அடுத்து அவன் விண்டோஸ் செக்யூரிட்டி என்ற பக்கத்தைத் திறந்தான். விண்டோஸிலேயே டிஃபெண்டர் என்று ஒரு ஆன்டிவைரஸ் இருக்கிறது, தெரியுமா? 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து அது கூடவே வருகிறது, தனியாக ஒரு பைசா கேட்பதில்லை. ஆனால் வெளி ஆள் ஒருவன் வந்து உட்கார்ந்துவிட்டால் அது மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும். இரண்டு பேரும் ஒரே ஃபைலைப் பிடித்து இழுத்தால் மெஷின் தாங்காது என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆக, கடையில் பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து என் வீட்டுக் காவல்காரன் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தான், நான் கூலிக்காரனுக்கு வருடா வருடம் படி அளந்துகொண்டிருந்தேன். முதல் வருடம் இலவசம். இரண்டாம் வருடம் 599 ரூபாய். அடுத்தது 2,199. கார்டு விவரம் அவர்களிடம் இருந்தது, அது பாட்டுக்குப் போயிற்று. ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரிலிருந்து இந்த மாதிரி தானாகப் பிடிக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் சொல்ல வேண்டும் என்று வைத்ததே, அந்த எஸ்.எம்.எஸ்ஸும் வந்திருக்கிறது. லோன் வேண்டுமா, பிளாட் வேண்டுமா என்று வருகிறவற்றோடு சேர்த்து அழித்திருக்கிறேன். பாங்கில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். சிரிக்காதே.

இது ஒன்றும் புது வித்தை இல்லை. 2009-லேயே நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல், கேட்காமல் புதுப்பித்துப் பணம் பிடித்த விவகாரத்தில் சைமன்டெக், மெக்காஃபி என்ற இரண்டு ஆன்டிவைரஸ் கம்பெனிகளையும் தலா 3,75,000 டாலர் கட்ட வைத்தார். 2021-ல் பிரிட்டனின் போட்டி ஆணையமும் இதே ஆட்களைப் பிடித்து, புதுப்பித்தலைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், வேண்டாம் என்பவருக்குப் பணம் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று எழுதி வாங்கியது. நடுவே ஒரு கூத்து: மெக்காஃபியை ஆரம்பித்த ஜான் மெக்காஃபி 1994-லேயே கம்பெனியை விட்டுப் போய்விட்டார். எல்லாரும் அவரிடமே “இதை எப்படி நீக்குவது” என்று கேட்டுக் குடைந்ததில், 2013-ல் அதைக் கிண்டல் செய்து ஒரு வீடியோவே எடுத்துப் போட்டார். பெற்றவரே சொன்ன பிறகு நாம் என்ன சொல்ல இருக்கிறது.

லேப்டாப் கம்பெனிகள் ஏன் இதை ஏற்றி விற்கின்றன என்கிறாயா? காசுதான். லேப்டாப்பில் லாபம் சொற்பம், உள்ளே இடம் கொடுப்பதற்கு ஆன்டிவைரஸ்காரன் பணம் தருகிறான். கல்யாண மண்டபத்தில் பந்தல்காரனும் சமையல்காரனும் மண்டபத்தோடு சேர்ந்தே வருவார்களே, அந்தக் கணக்கு. அந்த வாசலைத் திறந்துவிட்டால் யார் யார் நுழைவார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2014 கடைசியில் லெனோவோ சில வீட்டு லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளை ஏற்றி விற்றது. ஆன்டிவைரஸ் அல்ல, ஆனால் அதே வாசல் வழியாக வந்ததுதான். அது பூட்டுப் போட்ட பக்கங்களுக்கும், பாங்க் பக்கம் உட்பட, நமக்கும் நடுவே புகுந்து விளம்பரம் செருகப் பார்த்தது. எல்லா லேப்டாப்பிலும் ஒரே சாவி. அந்தச் சாவியின் பாஸ்வேர்டு, அந்தத் தொழில்நுட்பத்தைச் செய்து கொடுத்த கம்பெனியின் பெயரேதான்: கொமோடியா. நம் ஹாஸ்டல் பூட்டே மேல். 2015 பிப்ரவரியில் குட்டு உடைந்ததும் அதைத் துடைத்தெடுத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? திண்ணையில் உட்கார்ந்திருந்த அதே டிஃபெண்டர்.

இவ்வளவு நேரம் நான் கிண்டலாகவே எழுதிக்கொண்டு போவது ஏன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் வரவில்லை.

அக்கா விஷயம். உன்னோடு இருக்கட்டும், மொட்டைக்குக்கூடத் தெரியாது.

2021 ஊரடங்கில், அக்கா பேரனோடு வீடியோவில் பேசட்டும் என்று அதே கடையில், அதே மாதிரி ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தேன். அதே ஆன்டிவைரஸ். வருடம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே வலது மூலையில் சிவப்புப் பெட்டி வர ஆரம்பித்துவிட்டது. “உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது.” தினம் இரண்டு தடவை. அக்கா எனக்குப் போன் செய்வாள். எனக்கு அலுப்பு. ஒருநாள் சொன்னேன்: “அக்கா, சிவப்புப் பெட்டி வந்தால் பயப்படாதே. அது என்ன சொல்கிறதோ அதன்படி செய்துவிடு.”

நான் சொன்ன வார்த்தை அதுதான், ரங்கா. இதே வார்த்தை.

மூன்று மாதத்துக்கு முன் அக்கா ஏதோ பஞ்சாங்கப் பக்கத்தில் ராகுகாலம் பார்க்கப் போயிருக்கிறாள். “அனுமதி” என்று ஒரு பொத்தான் வந்திருக்கிறது, அழுத்தியிருக்கிறாள். அன்றிலிருந்து அந்தப் பக்கம் பிரவுசர் வழியாகச் சிவப்புப் பெட்டி அனுப்ப ஆரம்பித்துவிட்டது. அதே மூலை, அதே நிறம், அதே கம்பெனியின் சின்னம். “சந்தா முடிந்துவிட்டது, ஐந்து வைரஸ் இருக்கிறது, இந்த எண்ணுக்குப் பேசவும்.” பேசினாள். தம்பி சொன்னபடி.

எதிர்முனையில் இருந்தவன் பணிவாக “மேடம் மேடம்” என்று பேசியிருக்கிறான். ஒரு மென்பொருளை இறக்கச் சொல்லி லேப்டாப்பைத் தன் கைக்கு வாங்கி, ஈவென்ட் வியூவர் என்ற பட்டியலைத் திறந்து காட்டியிருக்கிறான். வரிசையாகச் சிவப்புக் குறி, மஞ்சள் முக்கோணம். அது எல்லா விண்டோஸிலும் இருக்கும். பிரின்டர் ஒருநாள் பேசவில்லை, ஏதோ ஒரு சர்வீஸ் தாமதமாக எழுந்தது என்று அது பாட்டுக்கு எழுதி வைத்திருக்கும் நாட்குறிப்பு. வேண்டுமானால் உன் மெஷினில் திறந்து பார். அக்காவுக்கு எப்படித் தெரியும்? 14,800 ரூபாய் யு.பி.ஐ-யில் அனுப்பியிருக்கிறாள். முப்பது வருடம் கணக்கு டீச்சர். உன் மெஸ் பில்லில் நாலணா தப்பு கண்டுபிடித்தவள்.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. மகனிடம் இன்றுவரை சொல்லவில்லை. எனக்குச் சொன்னதும் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடித்தோம், புகார் எண் கொடுத்தார்கள், பாங்கிலும் எழுதிக் கொடுத்தேன். பணம் போன கையோடு கூப்பிட்டிருந்தால் அடுத்த கணக்கிலேயே நிறுத்திப் பிடிக்க வாய்ப்பு இருந்தது. மூன்று நாள் கழித்து என்ன நிற்கும்?

அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. “நீதான் சொன்னாயே” என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதைத்தான் மூன்று மாதமாக மென்றுகொண்டிருக்கிறேன். மெஷின் மெதுவாக ஓடுவது, 2,199 ரூபாய், தமிழ் டைப்பிங் போனது எல்லாம் போகட்டும். காசு கொடுத்து ஏற்றி வைத்த அந்த நிஜ ஆன்டிவைரஸ்தான், சிவப்பைப் பார்த்தால் பதறு, பதறினால் பொத்தானை அழுத்து என்று நாள் தவறாமல் அக்காவைப் பழக்கியது. திருடன் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. அவன் அந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டான். நிஜப் பெட்டியையும் போலிப் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், எனக்கே தெரியவில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். நீட்டிக்காதே. காலாவதியானபின் அப்படியே கிடக்கவும் விடாதே, அதுதான் இருப்பதிலேயே மோசம். கார்டு விவரம் கொடுத்திருந்தால் முதலில் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்து. நீக்கும்போது “இப்போது நீக்கினால் ஆபத்து”, “பாதி விலைக்குத் தருகிறோம்” என்று மூன்று தடவை கெஞ்சும், மசியாதே. சாதாரணமாக நீக்கியும் வால் மிச்சமிருந்தால் அந்தந்தக் கம்பெனியே தனியாக ஒரு துடைக்கும் கருவி வைத்திருக்கிறது, அவர்கள் தளத்திலிருந்தே எடு. ரீஸ்டார்ட் செய்ததும் டிஃபெண்டர் தானாக எழுந்துகொண்டதா என்று ஒரு பார்வை பார்த்துவிடு. அது போதுமா என்பாய். ஆரம்பத்தில் சுமார்தான், ஆனால் ஜெர்மனியில் மாக்டெபுர்க் நகரத்திலிருக்கும், ஆன்டிவைரஸ்களைச் சோதிக்கும் ஏவி-டெஸ்ட் ஆய்வகம் சில வருடங்களாக அதற்கு நல்ல மதிப்பெண் போட்டு வருகிறது. ஜெராக்ஸ் கடைக்குப் பென்டிரைவ் எடுத்துப் போனால் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாகித் திரும்பி வந்த காலத்தில் பிடித்த பயம் நமக்கு, இன்னும் விடவில்லை. சின்னவள் பிரவுசரில் எந்தெந்தத் தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி இருக்கிறது என்பதையும் பார்த்து எல்லாவற்றையும் அடைத்துவிடு. ஆன்டிவைரஸைவிட அதுதான் முக்கியம் என்பேன், என் கட்சி இப்போது அது.

அக்கா லேப்டாப்பிலும் எல்லாவற்றையும் நீக்கி, பாஸ்வேர்டுகளை மாற்றி, சுத்தமாக விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தோம். இரண்டு மாதம் அவள் அதைத் தொடவில்லை, பூ வேலை செய்த துணி போட்டு மூடி வைத்திருந்தாள், பழைய ரேடியோ மாதிரி. போன புதன்கிழமைதான் பேரன் பிறந்தநாளுக்காகத் திறந்திருக்கிறாள். ராத்திரி எனக்குப் போன். வலது மூலையில் ஒரு பெட்டி வந்திருக்கிறதாம். சிவப்பு இல்லையாம். “டிஃபெண்டர் சோதித்தது, புதிதாக ஆபத்து ஏதும் இல்லை” என்று போட்டிருக்கிறதாம்.

“சீனு, இதை நம்பலாமா?” என்று கேட்டாள்.

நம்பலாம் என்றேன். ஆனால் உடனே சொல்லவில்லை, ரங்கா. போனை வைக்காமல் அப்படியே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அடை வார்த்துக் கொடுத்தாள், உன்னைக் கேட்டாள்.

பதில் போடு. நாலு மாதம் பழிவாங்காதே.

உன்,
சீனு