அந்த டிசியில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

கொங்கு வட்டாரத்துப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும் வணக்கமுங்க.

நான் திருச்செங்கோட்டுப் பக்கம் எட்டுத் தறி வைத்து ஓட்டுகிறவன். போன வருசம் என் அக்கா மகனுக்காக ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய், தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். மச்சான் போர்வெல் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருந்தார். எங்கள் பக்கம் பல வீடுகளில் இதுதான் நிலைமை. வடக்கே வண்டி கிளம்பினால் அப்பன் முகத்தைப் பார்க்க மாதக்கணக்கில் ஆகும். அதனால் தாய்மாமன் நான் போனேன். உள்ளே இரண்டு நிமிசம்கூடப் பேச்சு இல்லை. டிசியை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

பத்தாவது படித்துக்கொண்டிருந்த பையன். பையில் சிக்கியது புகையிலைப் பொட்டலம். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, வெள்ளையாக, சின்ன டீத்தூள் பை மாதிரி. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் அடக்கிக்கொண்டால் வாத்தியார் எதிரே நின்றாலும் தெரியாது. புகை கிடையாது, வீசுவதும் புதினா வாசம்தான். அக்கா ரெண்டு மாசமாக அந்த வாசத்தோடு அவன் சட்டையைத் துவைத்திருக்கிறாள். மிட்டாய் என்று நினைத்தாளாம்.

எப்படிடா ஆரம்பிச்சே மாப்ள என்று கேட்டேன். மூன்று நாள் வாயே திறக்கவில்லை. அப்புறம் சொன்னான். பஸ்ஸில் கடைசி சீட்டு. முதல் பொட்டலம் ஓசி. வேண்டாம் என்றதும் 'பழம்' என்று பேர் வைத்துவிட்டார்கள். கபடிக்குச் சேர்க்கவில்லை. "ஒரு வாரம் யாருமே எங்கிட்டப் பேசல மாமா" என்றான். நமக்கு ஒரு வாரம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். பதினைந்து வயசில் ஒரு வாரம் தனியாக டிபன் பாக்ஸைத் திறப்பது எப்படி இருக்கும்? அவனுக்குக் கூட்டாளிகள் வேண்டியிருந்தது, அதற்கு அவர்கள் கேட்ட விலை அது. அப்புறம் நிக்கோட்டின் தன் வேலையைக் காட்டியது. வைக்காத நாளில் தலைவலி, யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுவது. வகுப்பில் அதற்குத் திமிர் என்று பேர்.

கூட்டாளிகள் இழுத்துத்தான் போனான் என்றால், டிசி கொடுத்து அவனை எந்தக் கூட்டத்துக்கு அனுப்புகிறோமுங்க? பகல் பதினோரு மணிக்கு ஊரில் அவனுக்குத் துணை யார்? அவனுக்கு முன்னால் டிசி வாங்கியவர்கள்தான். கொஞ்சம் மூத்தவர்கள், கையில் காசு புழங்குகிறவர்கள், வலி மாத்திரையைப் போதைக்கு எடுக்கிறவர்கள். என் தறிப்பட்டறைக்குப் பின்னாலிருக்கும் கரட்டடியில் அவர்களைத் தினமும் பார்க்கிறேன். டிசி வாங்கிய பத்தாம் நாள் இவனும் அங்கே நின்றான்.

மற்ற பிள்ளைகள் கெட்டுப்போவார்களே என்பீர்கள். நியாயமான பயம். என் மகளும் அதே பள்ளியில்தான் படிக்கிறாள். ஆனால் இவனை அனுப்பியதால் அந்தக் கடைசி சீட்டு காலியாகவில்லை. மிச்சமிருந்த மூன்று பேரும் இன்னும் நன்றாக ஒளிக்கக் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவன் விட நினைத்தால்கூட இனி எந்த வாத்தியாரிடம் வாய் திறப்பான்?

2009ஆம் வருசத்துக் கல்வி உரிமைச் சட்டம், எட்டாவது முடிகிற வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு அனுப்பக் கூடாது என்கிறது. அதற்கு மேலே அந்த வேலி இல்லை, உங்கள் மனசுதான் வேலி. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது. பிள்ளைகளுக்கு அதைக் கொடுப்பவருக்கு 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் 7 வருசம் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. எங்கள் விசயத்தில் விற்ற கடை மறுநாள் காலையில் வழக்கம்போலத் திறந்தது. பையன்தான் வீட்டில் உட்கார்ந்தான். கடுமைக்குப் பேர்போன 1985 போதைப்பொருள் சட்டத்தில்கூட 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையாகிச் சிறிய அளவோடு மாட்டியவர், தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு. பெரியவர்களுக்கே அந்த வாசல் திறந்திருக்கிறது.

டிசி எழுதும் முன் 14446க்கு ஒரு போன் போடுங்கள், போதை மீட்புக்கான இலவச எண் அது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே அனுப்புங்கள். கடைசி சீட்டில் ஒரு ஆசிரியரை உட்கார வையுங்கள். கடைக்காரர் மேல் புகார் எழுதுங்கள், சாட்சிக் கையெழுத்து நான் போடுகிறேன்.

பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஒரு டீச்சர் அவனைச் சேர்த்துக்கொண்டார். வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போகிறேன். நடுவில் இரண்டு தடவை மறுபடியும் வைத்துவிட்டான். இரண்டு தடவையும் அவனே வந்து அந்த டீச்சரிடம் சொல்லியிருக்கிறான்.

ஜூனில் பள்ளி திறந்ததும் அந்த பெஞ்சில் இன்னொரு தாய்மாமன் வந்து உட்காருவார். அவரை உள்ளே கூப்பிட்டு ஒரு அரை மணி நேரம் பேசுங்க. பையனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.